ஒன்பதில் வைத்துப் பார்

பட்டறையில் கிடந்த நீள பெஞ்சின் ஒரு முனையைப் பிறை தூக்கிவிட்டான். மறுமுனையைச் சித்தப்பா இன்னும் தூக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவசரப்படாதடா. இடுப்புன்னு ஒண்ணு இருக்கு எனக்கு."

"உக்கார இடமில்லாம எல்லாரும் வெளிய நிக்கிறாங்க சித்தப்பா."

"நிக்கட்டும். படுத்திருக்கிறவனே ஒண்ணும் சொல்லல."

படுத்திருந்தவர் பிறையின் அத்தான், அக்காவின் புருஷன். விடியற்காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஐந்து நிமிட வேலை. இப்போது மணி ஒன்றே முக்கால். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. சித்தப்பா என்கிறவர் உண்மையில் அத்தானுக்குத்தான் சித்தப்பா. அந்த வீட்டில் காலை வைத்தவர்கள் அத்தனை பேரும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

பெஞ்சை நிலைப்படிக்குக் கொண்டுவந்தபோது அக்கா எதிரே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு பழத்தோட்டத்துக் காவல்காரர்.

"தம்பி, இவருக்குத் துப்பாக்கி வேணுமாம்."

"இந்த நேரத்துல வந்து கேக்குறது எனக்கே கூச்சமாத்தான் இருக்கு," என்றார் காவல்காரர். "நேத்து அந்தக் காட்டுப்பன்னி பழம் பறிக்கிற பொம்பளையத் தொடையில கிழிச்சிடுச்சு. இருட்டுறதுக்குள்ள நான் பரண்ல உக்காந்தாகணும். என்கிட்ட இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

"பன்னிக்கு நாள் பாக்கத் தெரியல," என்றார் சித்தப்பா.

"குடுத்து அனுப்பு," என்றாள் அக்கா. "வியாழக்கிழமை மத்தியானம்னு அவர் வாக்கு குடுத்திருக்கார். முடிச்சாச்சுன்னு நேத்தே சொன்னார்." போகத் திரும்பியவள் நின்றாள். "நேத்து ராத்திரி தண்ணி டம்ளரத் தட்டி விட்டார். கண்ணு பிடரியிலயா இருக்குன்னு கத்தினேன்."

துணி காயப்போட்ட விஷயத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தானும் பிறையும் ரைபிளுக்கு ஸ்கோப்பு என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி மாட்டிக் கொடுக்கிறவர்கள். உரிமம் உள்ள தோட்டக்காரர்கள், காவல்காரர்கள், போட்டிக்குச் சுடுகிறவர்கள் என்று நாலு திசையிலிருந்தும் ஆள் வரும். குழலும் கண்ணாடியும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி செய்வதுதான் வேலை. "புருஷன் பொண்டாட்டியையே அப்படிப் பாக்க வைக்க முடியல. இரும்பு கேக்குது பாரு" என்பார் அத்தான்.

காவல்காரரின் ரைபிள் மேஜை மேல் இரும்புப் பிடிப்பானில் இருந்தது. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டுகிற புது ஸ்கோப்பு அதன் முதுகில் ஏறியிருந்தது. விசைக்காப்பில் ஓர் அட்டை தொங்கியது. அத்தான் கையெழுத்தில் 'முடிந்தது' என்று இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி, கடைசி எழுத்துக்கு அட்டையில் இடமில்லாமல் பாதியோடு நின்றது.

அட்டையைக் கழற்றிப் பொருளை நீட்டியிருக்கலாம். ஆனால் ஒருதரம் தோளில் வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். பிறை போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துக் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டான். எண் வளையத்தை மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் திருப்பினான். தூக்கிக் கன்னத்தை வைத்தான்.

ஒரே கறுப்பு. நடுவில் பொத்தான் அளவுக்கு வெளிச்சம்.

கழுத்தை முன்னால் நீட்டினான். பொத்தான் பெரிதாகி வட்டமானது. இன்னும் நீட்டினான். முழு வட்டம் கிடைத்தபோது புருவத்துக்கும் ஸ்கோப்பின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட இல்லை. பின்னுக்கு வந்து மூன்றில் வைத்துப் பார்த்தான். கழுத்து சுகமாக இருந்தது, படம் முழுசாக இருந்தது.

அவன் கை தானாகவே வலது புருவத்துக்குப் போயிற்று.

அங்கே ஒரு தழும்பு இருக்கிறது, அரைவட்டமாய். அதனால்தான் அவன் பேர் பிறை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அக்கா கல்யாணமாகி வந்த புதிதில், அத்தான் அவன் ரைபிளுக்கு ஒரு ஸ்கோப்பு மாட்டிக் கொடுத்தார். மூன்றில் வைத்துக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து இறுக்கிவிட்டார். மூன்றில் கண் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் தெரியும், ஒன்பதில் கிட்டத்தில் வந்தால்தான் தெரியும் என்பது அப்போது அவருக்கே தெரியாது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிறை ஒன்பதுக்குத் திருப்பிக் கழுத்தை நீட்டிச் சுட்டான். ரைபிள் பின்னால் உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு எலும்பு வரை இறங்கியது.

"மச்சான் துப்பாக்கிக்கு முத்தம் குடுக்கப் போனான்" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதுவே கதையாகி, பேராகி, பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. 'தவறு என் மேல்' என்று அத்தான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே மேஜைக்கு மேல் சுவரில் சிவப்புச் சாயத்தால் 'ஒன்பதில் வைத்துப் பார்' என்று எழுதினார். வருகிறவர்கள் அதை ஏதோ கடைப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். எதற்காக எழுதியது என்று பிறைக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அத்தானுக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு ஸ்கோப்பிலும் அந்தத் தவறு நடந்ததில்லை. இன்று வரை.

"என்ன, சரியா இருக்குல்ல?" என்றார் காவல்காரர்.

பிறை ரைபிளைத் தோளிலிருந்து இறக்கினான். வாயைத் திறந்தால் போதும். சித்தப்பா பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழுந்தால் ஐந்து நிமிஷத்தில் வாசல் முழுக்கத் தெரிந்துவிடும். 'பாருங்கள், அன்றைக்கும் இப்படித்தான் வைத்தார்.' ஒரே ஒரு வரி. பத்தொன்பது வருஷத்துக் கேலி இறங்கிவிடும். ஆனால் 'முடிந்தது' என்று அட்டை தொங்கவிட்டவர் உள் அறையில் வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தார்.

மறுபடி ஒருதரம் பார்த்தான். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. ஸ்கோப்புக்குள் குறி வைக்கிற குறுக்குக் கோடு கம்பளி நூல் மாதிரி கலங்கிக் கிடந்தது. கோட்டைத் தெளிவாக்குவதற்குக் கண் பக்கத்தில் ஒரு வளையம் உண்டு. யார் பார்க்கிறார்களோ அவர்கள் கண்ணுக்குத் தக்கபடி அதைத் திருப்ப வேண்டும். தொட்டுப் பார்த்தான். மரை முடிகிற இடம் வரைக்கும் வெளியே வந்து, கழன்று விழுகிற நிலையில் நின்றது.

"இந்தப் பின் வளையத்த நீங்க திருப்பினீங்களா?"

"அது திரும்பும்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்," என்றார் காவல்காரர். "என் கண்ணுக்கு என்ன குறை? எறும்பு கால்ல செருப்பு போட்டிருந்தாக்கூடச் சொல்லிடுவேன்."

ஆறு மாசமாகவே அத்தான் சுடுவதை விட்டிருந்தார். தோள் வலி என்றார். "நீ சுடு மச்சான், எங்க விழுந்துச்சுன்னு நீயே சொல்லு." சோம்பேறித்தனம் என்று பிறை முணுமுணுத்திருக்கிறான், அவர் காதில் விழும்படியாகவே. போன நாலு நாள் பிறை ஊரில் இல்லை. மாமனார் வீட்டுக் கூரையைப் பிரித்து வேய்ந்துவிட்டு நேற்று இருட்டிய பிறகுதான் திரும்பினான். இந்த ஒரு ரைபிளை அத்தான் தனியாகவே முடித்திருக்கிறார். ஒன்பதில் அவருக்கு வெறும் மங்கல்தான் தெரிந்திருக்கும். மூன்றில் ஏதோ கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிந்திருக்கும். தெரிந்த இடத்தில் இறுக்கிவிட்டார்.

பிறை திருகு சாவியை எடுத்தான்.

"ஏன் கழட்டுறீங்க?" காவல்காரர் பதறினார். "முடிஞ்சுதுன்னு அவர் எழுதியிருக்காரே."

"அவர் சரியாத்தான் வச்சிருந்தார். காலையில எடுத்து வைக்கும்போது நான்தான் கைதவறிக் கீழ போட்டுட்டேன். மறுபடி வச்சுத்தான் குடுக்கணும்."

பெஞ்சு கிறீச்சிட்டது. சித்தப்பா எழுந்துவிட்டார்.

"கீழ போட்டியா? அன்னிக்குப் புருவம், இன்னிக்குத் துப்பாக்கி. கையும் காலும் உனக்கு யார்கிட்டயாவது இரவல் வாங்கினதாடா? செத்தவன் முகத்துக்காகவாவது ஒரு வேலைய உருப்படியா வைக்கக் கூடாதா?"

"வைக்கிறேன் சித்தப்பா. நாலு மணிக்குள்ள வந்துடுவேன்."

"வரலேன்னா உன்னைத் தேடிக்கிட்டு அவன் எழுந்து வர மாட்டான்," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் மறுமுனையை ஒண்டியாகவே இழுத்துக்கொண்டு போனார். இடுப்பை மறந்துவிட்டார்.

ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையங்களைப் பிறை தளர்த்தினான். ரைபிளைக் காவல்காரரின் தோளில் கொடுத்தான்.

"கண்ணை மூடிக்குங்க. கன்னம் எங்க சுகமா உக்காருதோ அங்க வைங்க. கழுத்த நீட்டாதீங்க. இப்பத் திறங்க."

"கறுப்பா இருக்கு."

"நான் ஸ்கோப்ப உங்க பக்கம் நகத்துறேன். முழு வட்டம் வந்ததும் சொல்லுங்க."

மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். "வந்துடுச்சு," என்றார் அவர். பென்சிலால் அடையாளம் போட்டான். சுவரில் தொங்கிய தூக்குநூலுக்கு நேராகக் குறுக்குக் கோட்டின் நெட்டைக் கோட்டை நிறுத்தி, திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினான். ஒரே பக்கம் இறுக்கினால் கோடு சாய்ந்துபோகும். பிறகு வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லிப் பின் வளையத்தைத் திருப்பினான். அது சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறை மனசுக்குள் எண்ணினான். ஐந்தரைச் சுற்று போன பிறகுதான், "இப்ப ஊசி மாதிரி இருக்கு," என்றார் காவல்காரர்.

வீட்டுக்குப் பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரி. நூறு மீட்டரில் பலகை நட்டிருந்தது. புதுத் தாள் குத்துவதற்காகப் பிறை மட்டும் முன்னால் நடந்தான். பழைய தாள் அங்கேயே இருந்தது. அதில் பதினோரு ஓட்டைகள். எந்த இரண்டு ஓட்டையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. அத்தான் இரண்டு குண்டில் வேலையை முடிக்கிறவர். பிறை அதைப் பிடுங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அது யாரு சுட்டது?" தூரத்திலிருந்து கேட்டார் காவல்காரர்.

"பழைய தாள்!"

திரும்பி வந்து, மணல் மூட்டையில் ரைபிளைக் கிடத்தி, போல்ட்டைக் கழற்றினான். குழலின் துவாரம் வழியாகப் பலகையைப் பார்த்துக் கண்ணாடியை அதற்கு இணக்கினான். முதல் குண்டு ஏழு சென்டிமீட்டர் கீழே, நாலு இடது. ஸ்கோப்பின் குமிழைத் திருப்பினான். ஒரு சொடுக்குக்கு ஒரு சென்டிமீட்டர். மேலே ஏழு, வலது நாலு. இரண்டாவது நடுப்புள்ளியைத் தொட்டது. மூன்றாவதைக் காவல்காரரையே ஒன்பதில் வைத்துச் சுடச் சொன்னான். சுட்டுவிட்டு அவர் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை. பிறகு பிறையின் புருவத்தைப் பார்த்தார். ரைபிளை உறையில் போட்டுக்கொண்டார்.

மூன்று சத்தமும் வீட்டில் கேட்டிருந்தது. பிறை கை கழுவ வந்தபோது அக்கா குழாயடியில் நின்றாள்.

"கீழ போட்டுட்டியாமே."

"ஆமாக்கா."

"அவர் வச்சது சரியா இருந்துச்சா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கச்சிதமா இருந்துச்சு."

அவள் குழாயை மூடினாள்.

நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது, நாலேகாலுக்கு எடுத்தார்கள். முன்பக்கத்து இடது தோள் பிறையுடையது. கல்லறைத் தோட்டம் வரை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் மடித்த தாள் சரசரத்தது. "பாத்து வாடா, பள்ளம்," என்று சித்தப்பா பின்னாலிருந்து மூன்று தரம் எச்சரித்தார். பள்ளம் ஒரு தரம்தான் வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பெஞ்சைத் திரும்பப் பட்டறையில் கொண்டுவந்து போட்டான் பிறை. பூட்ட வேண்டும் என்று அக்கா சாவியோடு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பட்டறைக்குள் உட்கார்ந்ததில்லை. இன்று அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் பட்டறையின் சொந்த ஸ்கோப்பு ஒன்று பிடிப்பானில் எப்போதும் இருக்கும். குவாரிப் பலகையில் குண்டு எங்கே விழுந்தது என்று அத்தான் அதில்தான் பார்ப்பார், கடைசியாகப் பார்த்தவரும் அவர்தான்.

"இதுல பாத்தா என்ன தெரியும்?"

"பலகை தெரியும்க்கா. ஓட்டை தெரியும்."

அவள் குனிந்து கண்ணை வைத்தாள்.

"ஒண்ணுமே தெரியலயே. பூரா புகையா இருக்கு."

பின் வளையத்தைத் திருப்பப் பிறை கையை நீட்டினான். மரையின் கடைசிச் சுற்று வெளியே தெரிந்தது. விரல் வளையத்தைத் தொட்டது. எடுத்துக்கொண்டான்.

"அது அத்தான் கண்ணுக்கு வச்சதுக்கா," என்றான்.

அக்கா கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் மேஜை மேல் எதையோ தேடுவது போல நகர்ந்து, அங்கே இருந்த காலி டம்ளரைத் தொட்டு, அப்படியே நின்றது.

தோட்டப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது. குவாரிச் சுவரில் பட்டுத் திரும்பி ஓய்ந்தது. பிறை இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.