கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் எழுதிய கதை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் கிடக்கிறது. தலைப்பில் பைன் ரிட்ஜ் பாப்டிஸ்ட் சபையின் பெயர். அடியில் 'சபைச் செயலர்' என்று அச்சடித்து, அதற்கு மேல் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், திட்டக் குழு முன்னால் அதை வாசிப்பார்கள். இன்று செவ்வாய். பேனாவை எடுத்து ஒரு கிறுக்குக் கிறுக்கினால் முடிந்தது. அதைச் செய்யாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்து அலமாரியை அடுக்குகிற புத்தி ஐம்பத்துநாலு வயதிலும் என்னைவிட்டுப் போகவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தைச் சோமாலிய முஸ்லிம்கள் வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளிகள். இறந்தவர்களை அடக்கம் செய்ய அந்த நிலம். பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் சபை அதை ஆட்சேபிக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் எழுத்தில் ஆட்சேபித்த பிறகு இந்தக் கவுண்டியில் எதற்கும் அனுமதி கிடைத்ததில்லை.

(என் பெயர் தேவசகாயம். இங்கே எல்லோருக்கும் டேவ். ஊரின் ஒரே மருந்துக்கடை என்னுடையது. இருபத்தாறு வருடமாக டென்னசிக்காரன், அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்காரன். என்னைச் சபைச் செயலராக ஆக்கியது என் பக்தியைப் பார்த்து அல்ல. எழுத்து குண்டு குண்டாக இருக்குமாம்.)

2

ஆரம்ப வரிக்கு மூன்று முயற்சிகள்.

'மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.' ஆகஸ்ட் மாதத்தில் என்ன பனி? வியர்வைதான் இறங்கிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.

'வெர்லீன் ஹாச்சர் என்ற பெண்மணியின் விசாலமான இதயத்தில் எல்லா மதங்களும் ஒரே கடலில் கலக்கும் நதிகளாக' — இதையும் அடிக்க வேண்டியதாயிற்று. ஏன் என்பதை ஐந்தாம் பகுதியில் அவரே வந்து சொல்வார், கொஞ்சம் சத்தமாக.

'அன்று புதன்கிழமை, சபைக் கூட்டம்.' இதில் உப்புமில்லை, உறைப்புமில்லை. பொய்யும் இல்லை. இருக்கட்டும்.

3

அன்று புதன்கிழமை, சபைக் கூட்டம். போன வாரத்துப் புதன். எங்கள் சபையில் பிஷப்பும் கிடையாது, மேலிடமும் கிடையாது. கூரைக்கு என்ன வர்ணம் என்பதிலிருந்து எல்லாமே கைதூக்கித்தான் முடிவாகும். முதலில் சாப்பாடு. பொரித்த கோழி, பச்சை பீன்ஸ், சோள ரொட்டி. அந்தக் கோழியை வெட்டித் துண்டுபோட்டவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான், இரண்டாவது தொடையை எடுத்துக்கொண்டேன்.

ராய்ஸ் டிட்வெல் எழுந்து ஆட்சேபனைக் கடிதத்தை முன்மொழிந்தார். ராய்ஸ் எங்கள் மூப்பர். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவரை வில்லனாக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. பனிப்புயலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரைத் தோளில் சுமந்து வந்த மனிதர். முன்மொழிந்ததும் நாலு குரல்கள் ஒன்றாக வழிமொழிந்தன.

அப்போது வெர்லீன் எழுந்தார். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறார். போதகர் பிரசங்கத்தில் அதிகார எண்ணைத் தப்பாகச் சொன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவார்.

(வெர்லீன் பேசுவது டென்னசி மலையடிவார ஆங்கிலம். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்திருக்கிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.)

"ராய்ஸு, காரணம்னு என்ன எழுதியிருக்க?"

"நிலத்தடித் தண்ணி கெட்டுப்போவும்னு."

"வேலிக்கு இந்தப் பக்கம் நம்மாளுங்க நூத்தம்பது வருசமாப் படுத்திருக்காங்க. எங்க அம்மா, உங்க அப்பா எல்லாரும். பாப்டிஸ்டு பொணம்னா தண்ணி கெடாதோ?"

கூடம் சிரித்தது. ராய்ஸும் சிரித்துவிட்டார்.

"மிஸ் வெர்லீன், விசயம் தண்ணி இல்லன்னு உங்களுக்கே தெரியும். அவங்க நம்ம கர்த்தரை ஏத்துக்கிடாதவங்க."

"ஆமா, ஏத்துக்கிடல. அதுக்கு நான் தினமும் அவங்களுக்காக ஜெபம் பண்ணுதேன். நீ மனு போடுத."

ராய்ஸ் வாயைத் திறப்பதற்குள் அவர் வேதாகமத்தைத் திறந்துவிட்டார். "ஆதியாகமம் இருபத்திமூணு. ஆபிரகாம் பரதேசியாப் போன ஊர்ல சாராள் செத்துப்போறா. பொதைக்க இடமில்ல. போய் நிலம் கேக்கான். அந்த ஊர்க்காரங்க, ஏத்தின் புத்திரர், என்ன சொன்னாங்க? எங்க கல்லறையிலயே நல்லதாப் பாத்து எடுத்துக்கிடுங்க, ஒருத்தரும் தடுக்கமாட்டோம்னாங்க."

"அப்ப நாம ஏத்தின் புத்திரரா?"

"இல்ல ராய்ஸு. அவங்களுக்கு மரியாதை தெரியும்."

பிறகு முறைப்படி முன்மொழிந்தார்: இந்த நிலம் குறித்துச் சபைக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுத வேண்டும். போதகர் கைல் கேட்டார்: "வழிமொழிய யாராவது?" வழிமொழிய ஓர் ஆள்கூட இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். வாக்கெடுப்பும் இல்லை, குறிப்பேட்டிலும் ஏறாது.

செயலர் டேவ் பேனாவைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். உறுதியான குரலில், "நான் வழிமொழிகிறேன்" என்றார்.

4

கதையில் அப்திரஷீத் வந்தாக வேண்டும். அவருக்காகத்தானே இவ்வளவும்.

நிலத்தை வாங்கியவர்கள் சார்பில் மனுப் போட்டவர் அவர்தான். போன வாரம் என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தார். நான் செயலர் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கெஞ்சவில்லை. (கெஞ்சியிருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும்.)

"போன பனிக்காலத்துல எங்க சித்தப்பா தவறிட்டார், டேவ். எங்க ஆளுங்க அடக்க நிலத்துக்கு நாலு மணி நேரம் வேன்ல எடுத்துட்டுப் போனோம். பாதை முழுக்கப் பனி. எங்களுக்கு அன்னிக்கே அடக்கம் பண்ணணும், முடியல. இப்ப அம்மாவுக்கு முடியல. 'என்னை மட்டும் வேன்ல போட்டு அலைக்கழிக்காதடா'ங்கறாங்க."

நான் மருந்தை உறையில் போட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு ஸ்பூன்" என்றேன்.

5

இந்த வாரப் புதன் மத்தியானம். மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது வெர்லீன் வந்தார். கையில் பீச் பழப் பணியாரம் மாதிரி ஒன்று. (அதற்கு இங்கே வேறு பெயர். ருசி போதும், பெயர் எதற்கு?) கடிதத்தைப் பார்த்தார், கோடு காலியாக இருப்பதைப் பார்த்தார். நோட்டைத்தான் கேட்டார்.

"என்னப்பா அது, ஜிலேபியாச் சுத்தி வச்சிருக்க?"

"கதை. உங்களைப் பத்தி."

"வாசி, கேக்கட்டும்."

வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். நதிகளும் கடலும் வந்த இடத்தில் அவர் கையிலிருந்த முட்கரண்டி தட்டில் விழுந்தது.

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

"இல்ல, எங்க வாசகர்களுக்கு அது பிடிக்கும்..."

"அவங்களுக்குப் பிடிக்கும்னு என் வாயில ஊட்டுவியா? ஏசு ஒருத்தர்தான் வழி. அந்த வார்த்தையில ஒரு புள்ளியக்கூட நான் அழிக்கமாட்டேன். அப்திரஷீத் கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், அவன் வீட்டு வாசல்ல நின்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"'நீங்க தப்பு, மிஸ் வெர்லீன், டீ குடிங்க'ன்னான். குடிச்சேன். ரெண்டு பேரும் இன்னும் அப்படியேதான் நினைக்கோம்."

"அப்புறம் எதுக்கு அவங்களுக்காக நின்னீங்க?"

"உண்மை நிக்கதுக்குக் கவுண்டி ஆபீஸ் முட்டுக் குடுக்கணுமா? பிடிச்சுத் தள்ளி ஒருத்தனை மண்டிபோட வச்சா மூட்டுதான் வலிக்கும், ஜெபம் வராது. லைசென்ஸ் இல்லாமப் பிரசங்கம் பண்ணினாங்கன்னு நம்ம பாப்டிஸ்டுகளை அந்தக் காலத்துல உள்ள தூக்கிப் போட்டது யாரு? இதே மாதிரி கவுண்டிதான். அவனுக்கு இல்லாத சுதந்திரம் எனக்கு மட்டும் இருந்தா, அதுக்குப் பேரு சுதந்திரமில்ல, சலுகை."

நதிகளை அடித்தேன். அவர் பார்க்க, இரண்டு கோடு போட்டு.

வாசிப்பு மூன்றாம் பகுதியின் கடைசிக்கு வந்தது. செயலர் டேவ் நிமிர்ந்தார், உறுதியான குரலில், இத்யாதி.

வெர்லீன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டேவு, நீ எப்ப வழிமொழிஞ்ச?"

6

நான் வழிமொழியவில்லை.

போதகர் மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை என்னைப் பார்த்தமாதிரிகூட இருந்தது. நான் தலையைக் குனிந்து குறிப்பேட்டில் தேதிக்கு அடியில் கோடு போட்டேன், மறுபடியும் போட்டேன். தாள் கிழிந்தது. தீர்மானம் விழுந்தது. பிறகு ராய்ஸின் கடிதத்துக்கு வாக்கெடுப்பு. ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்று. கை எண்ணியவன் நான். எண்ணுகிறவன் கை தூக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அடுத்த ஞாயிறு, வெர்லீன் 'கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்' என்று வேதபாட வகுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம். அந்த மணி நேரம் முழுக்க அவர் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"அன்னிக்கு நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார் வெர்லீன். "பத்துக் கட்டளையில ஒன்பதாம் கற்பனை, டேவு. பொய்ச்சாட்சி. கதையிலயும் செல்லும்."

அப்போதுதான் இந்த ஊரில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என் அப்பா பள்ளித் தலைமையாசிரியர். பெயர் வேண்டாத ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போன இடத்தில் இறந்தார். அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கிய அடக்க நிலத்துக்கு ஊர்க்காரர்கள் ஆட்சேபனை மனுக் கொடுத்திருந்தார்கள். அப்பாவை வேனில் ஏற்றி அறுபது மைல் கொண்டுபோனோம். ஐஸ் உருகி என் கால்சட்டை நனைந்தது. எனக்குப் பதினாறு வயது. அந்த மனுவின் நகலை அம்மா வைத்திருந்தாள், ரொம்ப மரியாதையான மனு. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தது.

வெர்லீன் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்: "இத ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"கைல் மூணு தடவை கேட்டாரேப்பா."

7

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

(அ) டேவ் கடிதத்தைக் கிழித்துக் காற்றில் பறக்கவிடுகிறான். பின்னணியில் பாமாலை. — காகிதக் குப்பையை யார் பொறுக்குவது? மேலும் ராய்ஸிடம் இன்னொரு பிரதி இருக்கும்.

(ஆ) டேவ் கையெழுத்துப் போடுகிறான். அப்திரஷீத்தின் அம்மா ஒரு ஜனவரி மாதம் வேனில் — இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

(இ) ராய்ஸ் மனம் மாறிக் கண்ணீர் விடுகிறார். வெர்லீனிடம் சொன்னபோது, "ராய்ஸு அவன் கல்யாணத்துலயே அழல, உன் கதைக்கா அழப்போறான்?" என்றார்.

இதற்கு நடுவில் ராய்ஸே தொலைபேசியில் வந்தார். "டேவ், அந்தக் காகிதம் ஆச்சா? கையெழுத்துதானப்பா கேட்டேன், உன் அபிப்பிராயமா கேட்டேன்?" அன்பாகத்தான் கேட்டார். சபை எடுத்த முடிவில் செயலர் குறுக்கே நிற்க முடியாது என்பதும் நியாயம்தான். ஆனால் கவுண்டிக் கூட்டத்தில் எந்தக் குடிமகனும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம் என்பதும் விதிதான். அதைச் சொன்னது வெர்லீன். அப்படிப் பேசினால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது வண்டியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். கடைக்கு வரும் பாதிப் பேர் அடுத்த ஊர்க் கடைக்குப் போவார்கள். பயம் இல்லை என்று எழுத ஆசை. ஒன்பதாம் கற்பனை தடுக்கிறது.

8

வியாழன், ஐந்து மணி இருபது. வெர்லீனின் வண்டி வாசலில் நிற்கிறது. ஹாரன் அடித்தாயிற்று, இரண்டு தடவை. மேசையில் கடிதம், கோடு இன்னும் காலி. பக்கத்தில் என் குண்டு எழுத்தில் ஒரு தாள். 'என் அப்பாவின் பெயர்' என்று ஆரம்பித்து, மூன்று நிமிடம் பேசக் காணும்.

இனி நான் எழுந்து போய்ப் பேசினேன் என்று இங்கே எழுதிவிட்டால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மூன்றாம் பகுதியில் நம்பினீர்களே. அதனால் இந்தத் தடவை எழுதமாட்டேன். கூட்டம் கவுண்டிக் கட்டடத்தில் ஆறு மணிக்கு, யார் வேண்டுமானாலும் வரலாம். பின்வரிசையில் எப்போதும் இடம் இருக்கும். வந்து உட்கார்ந்து, நான் எழுகிறேனா இல்லையா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு முடிவை எழுதிக்கொள்ளுங்கள்.