சகலையிடம் கேட்ட கதை

கல்லூரியில் அவரை எல்லோரும் உண்டியல் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் உண்டியல், முகத்துக்கு நேரே உண்டியல் சார். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தப் பழைய கல்லூரிக்கு நன்கொடை திரட்டுவதுதான் அவர் வேலை. கல்லில் நார் உரிப்பவர் என்று வருகிற விருந்தினர்களிடம் முதல்வர் அம்மா அவரை அறிமுகப்படுத்துவார். நூலகத்தின் மேல்மாடி, விடுதிக் குளியலறைகள், விளையாட்டுத் திடலைச் சுற்றிய கம்பிவேலி எல்லாமே அவர் வாய் திறந்து கேட்டு வந்தவை.

கேட்பதில் அவருக்கென்று சில வழிகள் இருந்தன. முதல் சந்திப்பில் கேட்க மாட்டார். நின்றுகொண்டு கேட்க மாட்டார். கூரை ஒழுகுகிறது என்று மூக்கைச் சிந்த மாட்டார். அந்தக் கூரையின் கீழ் படித்து மேலே வந்த யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவார். தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு எதிராளிதான் பேச வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல் தானே உளறிக் கொட்டித்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

இத்தனை பேரிடம் கேட்டவர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் கேட்டதில்லை. அது அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர்.

சகலை அட்டைப்பெட்டி செய்கிறவர். இதே கல்லூரியில் வேதியியல் படிக்க வந்து பாதியில் விட்டுப் போனவர். உண்டியலோ அதே துறையில் முதலாவதாகத் தேறிப் பதக்கம் வாங்கியவர். பெண் எடுத்த வீட்டில் ஆரம்பத்தில் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் மதிப்பு. இளையவர் ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றை இயந்திரத்தை வைத்துக்கொண்டு, சட்டையில் பசை காய்ந்த கறையோடு வந்து ஓரமாக உட்காருவார். "நல்ல பையன், முன்னுக்கு வந்துடுவான்" என்று உண்டியலே அவருக்காகப் பரிந்து பேசியதுண்டு. பரிந்து பேச முடிந்தவரைக்கும் அவருக்குச் சகலையைப் பிடித்துத்தான் இருந்தது.

பையன் நிஜமாகவே முன்னுக்கு வந்துவிட்டார். கொட்டகை தொழிற்சாலை ஆயிற்று. சோப்பிலிருந்து செருப்புவரை ஊரில் எதைப் பிரித்தாலும் அடியில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. மாமனார் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும், "சின்ன மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்பதில் போய் முடிந்தது. இதில் பெரிய கொடுமை, சகலைக்குத் தலைக்கனம் என்று ஒன்று வரவே இல்லை. இன்னும் அதே "அண்ணே, அண்ணே"தான். ஆள் கொஞ்சம் அலட்டிக்கொண்டால் திட்டவாவது செய்யலாம்.

உண்டியலின் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினால், அன்று முழுவதும் வீட்டில் ஒரு மாதிரி நிசப்தம் நிலவும்.

"அவங்க புது வீட்ல மாடிப்படி வளைஞ்சு போகுது" என்றாள் ஒரு தடவை.

"நேரா போனாலும் மாடிதான் வரும்" என்றார் உண்டியல்.

அவள் சிரிக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது அவள் வாயால்தான். அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தாள். ஆய்வகத்துக்கு வந்த கண்ணாடிக் குடுவைகளின் பெட்டிகள் நடைவழியில் அடுக்கியிருந்தன. உண்டியலுக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அங்கே நின்று அவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை வைத்து அவளைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள்.

"இந்தப் பெட்டி எங்க தங்கச்சி வீட்டுக்காரரோடது" என்றாள் மனைவி பெருமையாக. "இந்தக் காலேஜ்லதான் அவரும் படிச்சாரு."

அன்று சாயங்காலமே முதல்வர் அம்மா உண்டியலைக் கூப்பிட்டுவிட்டார். "என்ன சார் இது, வெண்ணெயை வீட்ல வச்சுக்கிட்டு நெய்க்கு ஊரெல்லாம் அலையறீங்க? வேதியியல் ஆய்வகம் இடிஞ்சு விழற மாதிரி நிக்குது. உங்க சகலைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

மாட்டேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு ஒரே காட்சிதான் கண்ணில் ஓடியது. புதுக் கட்டடத்தின் நெற்றியில் சகலையின் பெயர். பதக்கம் வாங்கியவர் தினமும் அதற்குக் கீழே குனிந்து நுழைந்து வேலைக்குப் போக வேண்டும்.

கேட்கத் தெரிந்தவனுக்கு, கிடைக்காமல் கேட்கவும் தெரியும். உண்டியல் அதைத்தான் செய்தார். லாரியில் சரக்கு ஏறும் நேரமாகப் பார்த்துத் தொழிற்சாலைக்குப் போனார். சகலை நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, நின்ற வாக்கில், கூரை ஒழுகுவதையும் சுவர் வெடித்திருப்பதையும் சொன்னார். தொகையைச் சொன்ன கையோடு, "முடியலைன்னா விட்டுடுங்க சகலை, ஒண்ணும் கட்டாயம் இல்ல. நிறையப் பேரு இருக்காங்க. கல்லூரிக் காரியம், பணம் எங்க போகுதுன்னும் நம்ம கையில இல்ல" என்று தானே மளமளவென்று கொட்டினார்.

சகலை கையிலிருந்த அட்டைத் துண்டை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சரக்கு விக்க வந்தவன், என் சரக்கு மட்டம்னு அவனே சொன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"அவனுக்கு விக்க இஷ்டம் இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் லாரிப் பக்கம் திரும்பினார். "பரவால்ல. நான் பிடி குடுக்கலைன்னு உங்க மேடத்துகிட்ட சொல்லிடுங்க."

உண்டியல் அதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். "கையிலதான் காசு மேடம், மனசுல இல்ல. படிப்போட அருமை தெரியாத ஆளு." சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது. ஆனால் அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தத் தூக்கம் அதிக நாள் நீடிக்கவில்லை. சுருட்டை முதல்வரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தானே தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்தாள். முதல் சந்திப்பு, அவரைப் போலவே நின்றுகொண்டுதான் பேசினாளாம். திரும்பி வரும்போது ஆய்வகம் முழுவதையும் கட்டித்தருவதாகச் சகலையின் வாக்கு அவள் கையில் இருந்தது. அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. உண்டியலும் தட்டினார், இஞ்சி தின்ற குரங்கு போல.

"என்னம்மா சொல்லிக் கேட்ட?"

"நான் தொகையே சொல்லல சார். ஏன் படிப்பை நடுவுல விட்டீங்கன்னு கேட்டேன். அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாரு."

"எதுக்கு விட்டாராம்?"

"அப்போ ஆய்வகத்துல ஒரு பர்னருக்கு எட்டுப் பேரு நிப்பாங்களாம். இவரு கூச்ச சுபாவம், கடைசியில நிப்பாராம். இவர் முறை வரும்போது மணி அடிச்சுடுமாம். ஒரு வருஷம் பூரா ஒரு சோதனைகூடத் தன் கையால செய்யலையாம். அதைச் சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு சார்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"சொல்லியிருக்காரு" என்றார் உண்டியல்.

சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. பாதியில் விட்டுப் போனவர் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அதற்குக் காரணம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. இப்போது அவருக்கு எரிச்சல் இரண்டாகப் பிரிந்தது. பணம் கொடுத்தவர் மேல் ஒன்று. நேற்று வந்தவளிடம் அவர் மனதைத் திறந்தாரே என்று அவள் மேல் இன்னொன்று. தான் தள்ளிவைத்த ஆள் வேறு யாரிடமும் நெருங்கக் கூடாது என்பது என்ன நியாயம்? நியாயம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்து என்ன? புகைச்சல் அடங்கவில்லை. சுருட்டை எழுதித் தந்த கடிதங்களில் எழுத்துப்பிழை தேடித் தேடித் திருத்திக் கொடுத்தார்.

கட்டடம் எழுந்தது. திறப்பு நாளில் அவருடைய மனைவியும் அவள் தங்கையும் முன்வரிசையில் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உண்டியல் தூண் ஓரமாக நின்றார். சகலைக்கு மேடைப் பேச்சு வராது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதுக்கு முதல்ல என்னைத் தேடி வந்து கேட்டது எங்க அண்ணன்தான். அவர் வந்து கேட்ட பிறகுதான் எனக்கு யோசனையே வந்துச்சு. இந்தப் பொண்ணு வந்து அதை முடிச்சு வச்சுது."

அரங்கம் முழுவதும் தூணைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. முதல்வர் அம்மா இறங்கி வந்து கை குலுக்கினார். மனைவியின் முகம் மலர்ந்து கிடந்தது. இப்படி அவரைப் பார்த்து அவள் பூரித்து எவ்வளவோ காலம் ஆயிற்று. சுருட்டையும் கள்ளம் இல்லாமல் தட்டினாள். உண்டியலுக்குக் காதுவரை சுட்டது. பணத்தில் முந்தினார், சரி. மனசிலுமா இந்த மனிதர் முந்த வேண்டும்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கூட்டம் தேநீர் பக்கம் நகர்ந்ததும் சகலையை வராந்தாவின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் உட்கார வைத்தார். விடுதியில் இடம் கிடைக்காமல் உறவினர் வீட்டுச் சமையலறையில் படுத்துப் படிக்கிற ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னார். நிதானமாக, தன் வித்தை முழுவதையும் காட்டிச் சொன்னார். அந்தப் பெண்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் சுருட்டை வாங்கியதைவிடப் பெரிதாக ஒன்றைத் தன் வாயால் வாங்கிவிட வேண்டும் என்ற வேகம்தான் முன்னால் நின்றது. விடுதிக்கு ஒரு புதுத் தளம் என்றார். தொகையைச் சொன்னார். வாயை மூடிக்கொண்டார்.

சகலை வெகுநேரம் பேசவில்லை. உண்டியல் அசையவில்லை.

"இப்போ முடியாதுண்ணே" என்றார் கடைசியில். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? பெரிய கம்பெனி ரெண்டு நம்மகிட்ட பெட்டி எடுக்கறதை நிறுத்திட்டாங்க. பிளாஸ்டிக் பைக்குப் போயிட்டாங்க. இந்த ஆய்வகத்துக்கே புது மிஷின் ஒண்ணை வித்துதான் குடுத்தேன். அடுத்த வருஷம் அந்த வீடு கையில இருக்குமான்னே தெரியல."

"வீட்ல தெரியுமா?"

"இல்ல. உங்க கொழுந்தியாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. அண்ணிகிட்டயும் சொல்லிடாதீங்க, அங்க சொன்னா இங்க வந்துடும்."

உண்டியலுக்கு நெஞ்சுக்குள் என்னவோ குளுகுளுவென்று இறங்கியது. மகிழ்ச்சிதான் அது, வேறு பெயர் கிடையாது. அடுத்த நொடியே அதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"இவ்வளவு கஷ்டத்துல எதுக்குக் குடுத்தீங்க?"

"பர்னர் முன்னாடி நிக்கணும்னு ஆசை இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சகலை எழுந்து, தேநீர்ப் பக்கமிருந்து கைகாட்டிய தன் மனைவியை நோக்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி ஓயாமல் பேசினாள். தங்கையின் புடவை, மேடை, கைதட்டல். பேச்சு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், அங்கேதான் போயிற்று.

"என்ன சொல்லுங்க, குடுத்து வச்சவ அவ. அவரு தொட்டதெல்லாம் துலங்குது."

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக இவள் வாயடைக்க அவருக்கு ஒரு சொல் கிடைத்ததில்லை, இன்று கிடைத்திருந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஆமா, வராந்தால உக்காந்து ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"விடுதிக்கு மேல ஒரு தளம் கட்டணும். அதைப் பத்தி."

"அவரு தர்றேன்னாரா?"

இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்பாள். கேட்டுவிட்டுத் தங்கையிடமும் கேட்பாள்.

"நான் கேக்கல" என்றார்.

"அதானே. நீங்க எங்க கேக்கப் போறீங்க?" என்று அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "உங்களுக்குப் பொறாமை."

உண்டியல் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்து முடித்தார். அவள் சொன்னது பொய்யில்லை என்பதால், மறுத்துப் பேசவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று.