கலைமணி சொன்ன விலை

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் மேடையில் அன்றைக்கு ஒரு செல்போன் உட்கார்ந்திருந்தது. தாரகை நெட்வொர்க் கம்பெனி முதல்முறையாகத் தன் பெயரிலேயே போன் போட்டிருந்தது. அதைக் காட்டுவதற்காகச் சேலம், நாமக்கல் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் கலைமணி இருந்தாள். திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், பதினோரு வருஷமாகச் செல்போன் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் பொன்னன் போர்வெல் ரிக் வண்டி டிரைவர். வருஷத்தில் ஒன்பது மாசம் சத்தீஸ்கரில் எங்காவது காட்டோரம் குழாய்க்கிணறு போட்டுக்கொண்டிருப்பான். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதேபோல ரிக் குடும்பத்துப் பெண்கள்தான். தாரகை ரீசார்ஜ் அந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கடையிலும் அவ்வளவு ஓடாது.

அதனால்தான் கம்பெனியின் ஏரியா ஆபீசர் நவீன்குமார் அவளைத் தேடி வந்து, "அக்கா, மைக் உங்ககிட்ட வரும். நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க" என்று காதோடு கேட்டுக்கொண்டான். அவளும் தலையாட்டினாள். அப்போது விலை தெரியாது.

பிறகு திரையில் விலை விழுந்தது. பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கூடவே, இரண்டு வருஷத்துக்குத் தாரகை சிம் தவிர வேறெதுவும் அதில் ஓடாது என்றும் வந்தது. மண்டபம் கைதட்டியது. கலைமணி தட்டவில்லை. வாசலில் வைத்திருந்த போனை உள்ளே வரும்போதே அவள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். அதே கேமரா, அதே பேட்டரி, அதே திரை உள்ள வேறு கம்பெனி போனை அவள் கடையில் பதினோராயிரத்துக்கு விற்கிறாள்.

மைக் வந்தது. எழுந்து நின்றாள்.

"போன் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா விலை ஆறாயிரம் அதிகமுங்க."

யாரோ சிரித்தார்கள். மேடையில் நின்ற சென்னை மேனேஜர் அன்பரசுவும் சிரித்தார். "மேடம், எங்க பேருக்குன்னு ஒரு மதிப்பு இருக்கில்லையா?"

"இருக்கட்டுமுங்க. எங்க ஊட்டுக்காரர் வேலை செய்யற காட்டுல உங்க டவரே கிடையாது. அங்க போனா ஆளுங்க வேற சிம்மைப் போட்டுத்தான் பேசுவாங்க. உங்க போன்ல அதுக்கு வழியில்ல. பதினேழாயிரம் குடுத்துட்டு, ஊட்டுக்குப் பேச இன்னொருத்தர் போனை இரவல் கேக்கோணுமா?"

"சரி, நீங்களே ஒரு விலை சொல்லுங்களேன்" என்றார் அன்பரசு. கிண்டலாகத்தான் கேட்டார்.

"அந்த சிம் லாக்கை எடுத்துட்டா பதினோராயிரம். லாக்கோட வித்தா எட்டாயிரத்துக்கு மேல தகாதுங்க."

மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நாலைந்து கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, நல்லாக் கேட்டீங்க என்று கிசுகிசுத்தார்கள். "இலைக்கு முன்னால வந்து சொல்லி என்னங்க ஆகப்போகுது? அங்கயே ஒருத்தராவது எந்திரிச்சிருக்கலாம்" என்றாள். அதற்கப்புறம் யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை.

வெளியே நவீன்குமார் முகம் வெளுத்து நின்றிருந்தான். "என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்களேக்கா."

"விலை இதுன்னு முன்னாலயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன் சாமி" என்றாள். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

திங்கட்கிழமை கம்பெனி வேன் வந்து, கேட்காமலே இருபத்தைந்து புதுப் போன் பெட்டிகளைக் கடை வாசலில் இறக்கியது. கலைமணி கையெழுத்துப் போட மறுத்து, அத்தனையையும் திரும்ப ஏற்றச் சொன்னாள். புதன்கிழமை அவளுடைய தாரகை ஏஜென்சி ரத்து என்று போன் வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் ஏணியோடு வந்து தாரகை போர்டைக் கழற்றிப் போனார்கள். பயம் இல்லாமல் இல்லை. ரீசார்ஜ் கமிஷனில்தான் கடை வாடகையே போய்க்கொண்டிருந்தது.

பொன்னன் யார் போனிலிருந்தோ கூப்பிட்டான். "ஊரே விக்குது. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"நாளைக்கு லைன் கிடைக்கலைன்னா, உங்க வண்டி ஆளுங்க சம்சாரமெல்லாம் என்னையத்தான் வந்து கேக்கும். நான் என்ன பதில் சொல்றது?"

"சரி, உன்ற இஷ்டம்" என்று வைத்துவிட்டான்.

அந்த வாரமே மஞ்சுளா வந்தாள். அவள் புருஷனும் ரிக்கில்தான். டிவி விளம்பரத்தில் பார்த்த தாரகை போன்தான் அவனுக்கு வேண்டும் என்றாள். கலைமணி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "உங்களுக்கு ஏஜென்சி போன கோவம்ங்கக்கா" என்று சொல்லிவிட்டு மஞ்சுளா பக்கத்துத் தெருக் கடையில் போய் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து, ஒரு மத்தியானம், மஞ்சுளா அதே போனோடு கலைமணியின் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். புருஷன் கொண்டுபோன போனை, ஊருக்குத் திரும்பிய வேறொரு டிரைவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். காட்டில் ஒரு நாள்கூட அதிலிருந்து ஒரு அழைப்பும் போகவில்லையாம். அவள் சொல்லி முடிக்கும்போதே நவீன்குமார் பைக்கில் வந்து இறங்கினான். கையில் புது ஏஜென்சி ஃபார்ம்.

"விலையைக் குறைச்சுட்டாங்கக்கா. பதினொண்ணு தொள்ளாயிரம். கிட்டத்தட்ட நீங்க சொன்னதுக்கே வந்துட்டாங்க. கையெழுத்துப் போட்டா நாளைக்கே போர்டு மாட்டிடலாம்."

"லாக்கு?"

"அது அப்படியேதான்."

"அப்ப நான் சொன்ன விலை எட்டு" என்றாள் கலைமணி. "அது கிடக்கட்டும். இந்தப் புள்ள முழு விலை குடுத்து வாங்கியிருக்குது. முதல்ல இதோட போன் லாக்கை எடுத்துக் குடு. அப்புறம் பேசலாம்."

அது தன் கையில் இல்லை என்றான். "யார் கையில இருக்குதோ அவங்களைக் கூப்பிடு, நான் பேசறேன்" என்றாள். அவன் தயங்கித் தயங்கி அன்பரசுவை ஸ்பீக்கரில் கூப்பிட்டான். விதியில் இடமில்லை என்றார் அவர். கலைமணி குரலை உயர்த்தவில்லை. "டவர் இல்லாத ஊர்ல வேலை செய்யற ஆளுக்கு, அதைச் சொல்லாம வித்திருக்கீங்க. இப்படி வாங்குன குடும்பம் எங்க தெருவுலயே ஏழு. ஏழு பேரையும் கூட்டிக்கிட்டு உங்க சேலம் ஆபீஸுக்கு வாரேனுங்க. நாமக்கல் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன். எது சௌகரியமுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. முக்கால் மணி நேரம் மூவரும் கடையிலேயே காத்திருந்தார்கள். பிறகு நவீன்குமாருக்கு மெசேஜ் வந்தது. லாக்கைத் திறக்கும் எட்டு இலக்க எண். இந்த ஒரு போனுக்கு மட்டும்.

மஞ்சுளா கையைப் பிடித்து நன்றி சொல்ல வந்தாள். கலைமணி விடுவித்துக்கொண்டாள். "மத்த ஆறு பேரையும் நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வரச் சொல்லு."

நவீன்குமார் ஃபார்மை மேஜைமேல் நகர்த்தினான். அவள் அதை அவன் பக்கமே தள்ளிவைத்தாள்.

"எல்லாருக்கும் லாக்கை எடுத்துட்டு வா சாமி. அன்னைக்குப் போடறேன்."