சக்கரத்துக்குக் கல்

யுவன் அந்தமானில் ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அவனுடைய அப்பா நாச்சிமுத்து இறந்து ஒன்பது நாளாகியிருந்தது. யுவனுக்கு அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடைய அக்கா ராஜப்ரியாவிடம் இருந்தது. அதை அவள் தேவைக்கு அதிகமாகவே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. பச்சையும் நீலமுமாகக் கடல். சலித்துக் கொட்டிய மாவு மாதிரி மணல். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய வலைத்தூளி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள். கீழே, ‘எப்படிக்கா இருக்கு?’ என்று கேட்டிருந்தான். இங்கே மலை மேல், அரவேணுவில் அப்பா வீட்டில், அன்றைக்கு ஐந்தாவது நாளாக வெயில் இல்லை. எதிர்ப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் மேகத்தில் காணாமல் போயிருந்தது. சாவுக்கு வந்தவர்கள் உட்காருவதற்காக எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் ஈரத்தோடு அடுக்கிக் கிடந்தன. ராஜப்ரியா ‘சூப்பர்டா’ என்று அடித்து அனுப்பினாள். அனுப்பிய கட்டைவிரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

இந்தப் பயணத்துக்கு வண்டி கொடுத்ததே நாச்சிமுத்துதான். முப்பத்தெட்டு வருடம் குன்னூர் ஸ்டாண்டில் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவர். ஊர் உலகத்துக்கெல்லாம் மலையைச் சுற்றிக் காட்டினாரே தவிர, தான் மட்டும் கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வேலையை விட்டுவிட்டுப் பழைய ஆம்னி வேனில் இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறேன் என்று மகன் சொன்னபோது வீடே குதித்தது. அவர் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தார். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்ததும் அவரே. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“ஓட்டறவன் நிறுத்தவும் பழகோணும் சாமி. நடுவுல நாலு நாளைக்கு ஸ்டேரிங்கத் தொடாத. வண்டியக் கரையில உட்டுப்போட்டு ஏதாச்சும் ஒரு தீவுக்குப் போயி மணல்ல சும்மா கெட. நான் லீவுக்கு வந்தவிகளப் பாத்திருக்கறனே ஒழிய, லீவப் பாத்ததில்ல. நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

யுவன் கிளம்பிய நாளிலிருந்து, சாயங்காலமானால் ஒரு போன் வரும்.

“நிறுத்திட்டனுங்கப்பா.”

“கியர்ல போட்டியா? கல்லு வெச்சியா?”

“வெச்சுட்டனுங்கப்பா.”

அவ்வளவுதான் அப்பனும் மகனும் பேசுவது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார்கள். நிறுத்தியதும் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைச் செருகினால்தான் அவர்களுக்கு மனம் அடங்கும். ராஜஸ்தானில் மேடு பள்ளமே இல்லாத நிலத்தில் நிற்கிற வண்டிக்கும் நாச்சிமுத்து கல் கேட்டார். அங்கே கல் தேடி அலுத்துப்போன யுவன், ஒரு செங்கல்லை வண்டியிலேயே போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தான்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. வண்டி ஓட்டுகிறவனிடம், அவன் ஓட்டி முடித்து நிறுத்துகிற வரைக்கும் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. நாச்சிமுத்துவின் கூட்டாளி ரிஜோ ஊட்டியில் சவாரிக்காகக் காத்திருந்தபோது, அம்மா போய்விட்டாள் என்று போன் வந்தது. அழுதுகொண்டே கூடலூர் இறக்கத்தில் வண்டியை விட்டான். அம்மாவுக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் குழி வெட்டினார்கள். அன்றைக்கு நாச்சிமுத்து வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னதுதான் சட்டமானது. அவருடைய சொந்தத் தாய் இறந்தபோதுகூட, அவர் வண்டியை நிறுத்தி, கல் வைத்து, உள்ளே வந்து டீ குடித்து முடிக்கிறவரை அவர் மனைவி மருதாம்பாள் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அதே மருதாம்பாள்தான் இப்போதும் முடிவெடுத்தாள். நாச்சிமுத்து போன அன்று யுவன் வடகிழக்கு எல்லை மலையில், தவாங்கில் இருந்தான். ஸ்டாண்டில் டீ டம்ளரைக் கீழே வைத்த மனிதர் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். ஜெகதளாவில் புருஷன் வீட்டிலிருந்த ராஜப்ரியா விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அம்மா ஒரு சுற்று அழுது முடித்திருந்தாள்.

“தம்பிகிட்ட இப்பச் சொல்லோண்டாம். அத்தன ஒசர மலையில நிக்கறான். இறங்கவே ரெண்டு நாளாகும். அவிய இருந்தாலும் இதத்தான் சொல்லுவாங்க.”

“ஐஸ் பெட்டி கொண்டாந்தர்றமுங்க. மூணு நாளைக்கு வெச்சுக்கலாம். பையன் கீழ எறங்குனப்புறம் சொன்னா, பிளேன் புடிச்சு வந்துருவான்” என்றார்கள் ஸ்டாண்டு ஆட்கள். நல்ல யோசனைதான். வேண்டாம் என்றவள் ராஜப்ரியா. அம்மாவால் மூன்று நாள் தாங்க முடியாது என்று காரணம் சொன்னாள். மருதாம்பாள் முப்பது நாள்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பெட்டியையும் அதற்குள் அப்பாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதது இவளால்தான். அது இவளுக்கும் தெரியும். மறுநாளே எடுத்தார்கள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா தங்கவேலு வைத்தார்.

போன அன்று சாயங்காலமே அப்பாவின் போன் அடித்தது. வீடு முழுக்க அழுகைச் சத்தம். ராஜப்ரியா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள்.

“நிறுத்திட்டனுங்கப்பா.”

“நாந்தான்டா. அப்பாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. படுத்திருக்காரு.”

“வேற ஒண்ணுமில்லீல்லக்கா?”

“வேற என்ன இருக்கும்? சாப்பிட்டுப் படு.”

அவன் உடனே வைக்கவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பது போலக் காத்திருந்தான். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணீர் அஞ்சலி பேனரைப் படமெடுத்து யாரும் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்று ஸ்டாண்டு முழுக்கக் கெஞ்சினாள். வைத்துவிட்ட ஒரு பெரியப்பா மகனை மிரட்டி எடுக்க வைத்தாள். யுவன் மலையிறங்கி கவுகாத்தி வந்தான், அப்புறம் கொல்கத்தா வந்தான். இன்னும் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறான் என்று அவளும் அப்பாவின் தொண்டைக்கட்டை நாளுக்கு நாள் நீட்டித்துக்கொண்டே போனாள். கொல்கத்தாவில் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவன் விமானம் ஏறிப் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கப்பலில் தீவுக்கும் போனான்.

“நிறுத்தீட்டானல்லோ. இனிச் சொல்லிப்போடு கண்ணு” என்றாள் மருதாம்பாள்.

சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள், பாவம், இப்போதுதான் போயிருக்கிறான், ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டாள். இரண்டாம் நாள் அவனே மூன்று தடவை கூப்பிட்டான். “இங்க ஒரு வேலையும் இல்லக்கா. சும்மாவேதான் உக்காந்திருக்கேன். நீ எப்ப வேணாலும் கூப்புடு” என்றான். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கும் விட்டாள். மூன்றாம் நாள் வாழையிலையில் சுட்ட மீன் படம் வந்தது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே சாவு வீட்டில் பக்கத்து வீட்டார் கொண்டு வந்து வைக்கும் சோற்றை அம்மா பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறாள்; துரை அங்கே மீன் தின்கிறாராம். ஐந்து நிமிஷத்தில் ஆத்திரம் போய் அழுகை வந்தது. தெரியாமல் தின்கிறவன் மேல் என்ன தப்பு? தெரியவிடாமல் வைத்திருப்பவள் யார்?

இவளுடைய தயக்கமெல்லாம் தம்பியின் சந்தோஷம் கெட்டுவிடுமே என்பதற்காக என்று ஊரார் நினைத்தார்கள், இவளும் பாதி நேரம் அப்படித்தான் நம்பினாள். மீதி நேரம் உண்மை தெரிந்தது. சொன்னால் அவன் ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாளைக் கடத்தினாள்.

நாலாம் நாள் காலையில் சித்தப்பா வந்தார். ஈரக் குடையை மடக்காமலேயே வாசலில் நின்று பேசினார்.

“கண்ணு, நாலு நாள்ல கருமாதி. பெத்த பையன் இருக்க நான் கொள்ளி வெச்சதே என்ற மனசு ஆறல. கருமாதிக்கும் என்னையவே உக்காரச் சொன்னீன்னா நான் வர மாட்டேன். இன்னிக்கே நீ சொல்லீரோணும். இல்லீன்னா நம்பரக் குடு, நான் சொல்லிக்கறேன்.”

சித்தப்பாவிடம் நம்பரைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தூறல் விடவில்லை. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“சாப்டியாடா?”

“சாப்டேன்.”

“வெயிலா அங்க?”

“நல்ல வெயில்.”

“கடலு?”

“கடலு இருக்குது. அக்கா, நான் வண்டிய நிறுத்தி அஞ்சு நாளாச்சு. கியர்லதான் போட்டிருக்கேன். கல்லு வெச்சிருக்கேன். இங்க என்னைச் சுத்தி நாலு பக்கமும் தண்ணி. ஓட்டறதுக்கு ஒண்ணுமில்ல. இன்னும் எத்தன நாளைக்குத்தான் நான் உக்காந்துட்டே இருக்கறது? சொல்லுக்கா.”

அவள் கையில் குடை சாய்ந்து தலையெல்லாம் நனைந்தது. அதைக்கூட அவள் நிமிர்த்தவில்லை.

“யுவா… அப்பா போயிட்டாருடா. பன்னெண்டு நாளாச்சு.”

“தவாங்குல இருந்து நான் கூப்பிட்ட அன்னிக்குத்தான?”

“உனக்கு எப்படித் தெரியும்? ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லல. தொண்ட கட்டுனா அவருக்குப் பேச்சு வராது, சரி. கையக் காட்டி உன்னையவாவது கேக்கச் சொல்லியிருப்பாரல்லோ. கல்லு வெச்சியான்னு நீ கேக்கல. நான் போன வெக்காம நின்னுட்டே இருந்தேன். நீ கேக்கவேயில்ல.”

ராஜப்ரியா நனைந்த செடியைப் பிடித்துக்கொண்டாள். எந்த மலையை அவன் நிம்மதியாக இறங்க வேண்டும் என்று இவ்வளவு பொய்யும் சொன்னார்களோ, அந்த மலையை…

“தெரிஞ்சுட்டேவா அத்தன மலையும் எறங்குனே?”

“அழுதுட்டேதான் எறங்குனேன். ரெண்டு எடத்துல ரோடே தெரியலக்கா. ஓரமா நிறுத்தி, கல்லு வெச்சு, அழுது முடிச்சுட்டு மறுபடி எடுத்தேன்.”

“கேட்டிருக்கலாமேடா எங்கிட்ட.”

“கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவே. நிறுத்துனப்புறம் நீங்களாச் சொல்றதுதான நம்மூட்டு வழக்கம்? தீவுக்கு வந்தா எப்படியும் சொல்லீருவீங்கன்னு நெனச்சேன். நீ சொல்ற வரைக்கும் அப்பா சொன்ன மாதிரி லீவப் பாத்துட்டு இருக்கலாம்னு பாத்தேன். பாக்க முடியலக்கா. காலைல இருந்து பொழுது போற வரைக்கும் போனத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

அவள் வந்த படங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். எல்லாப் படத்திலும், மீன் படத்தின் ஓரத்திலும்கூட, அதே தூளி, அதே இரண்டு பாதங்கள். ஒரு படத்திலும் அந்தப் பாதங்கள் நனைந்திருக்கவில்லை. அவன் கடலுக்குள் இறங்கவே இல்லை. இதைப் பார்த்தா மீன் தின்கிறான் என்று வயிறெரிந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

“கொள்ளி ஆரு வெச்சாங்க?” என்று கேட்டான்.

“சித்தப்பா.”

“எப்ப?”

“மறுநாளே.”

அடுத்து அவன் பேசியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது.

“நான் ரெண்டு நாள்ல கவுகாத்திக்கு எறங்கிட்டேன்க்கா. ஏர்போர்ட் வாசல்ல வண்டிய நிறுத்தி ஒரு நாள் பூரா நின்னேன். ஐஸ் பெட்டியில வெச்சிருப்பீங்க, இப்பக் கூப்புடுவீங்க, வான்னு சொல்லுவீங்கன்னு நின்னேன். மூணு நாளைக்கு வெக்கலாமல்லோ? நம்ம ஸ்டாண்டு ஆளுக சொல்லலியா?”

இதுதான் அந்தக் கேள்வி. அம்மாவால் தாங்க முடியாது, ஊரில் விடாத மழை, சித்தப்பா அவசரப்படுத்தினார் என்று பன்னிரண்டு நாளாக அவள் தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“சொன்னாங்கடா. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். அவன் மூச்சு விடுவது கேட்டது, பின்னால் யாரோ வெள்ளைக்காரக் குழந்தை சிரிப்பது கேட்டது, கடல் கேட்டது. கடைசியில், “அம்மாகிட்டக் குடு” என்றான்.

அவள் உள்ளே போய்ப் போனை அம்மாவிடம் நீட்டினாள். மருதாம்பாள் அதை வாங்கிக் காதில் வைத்து, “சாமி” என்றாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, “ம், ம்” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ராஜப்ரியா வாசலுக்கு வந்து, ஈர நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.