உம்மு குல்தூமின் ஒரு நாள்

"ஒருத்தரோடயும் வாய் தொறக்காத நீ, ஊர்ச்சனத்தக் கதைக்க வைக்க என்னமோ செய்யிறியாமே, மெய்யா புள்ள?"

மீன் கழுவிய தண்ணீரை வேலியோரத் தென்னைக்கு ஊற்றியபடியே பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் மாமி இப்படிக் கேட்டாள். றுமைஸா தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம்" என்ற ஒரு சொல்லை அவள் வெளியே எடுப்பதற்குள் மாமி சட்டியையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கேள்வியில் பிழையில்லை. கரைத்தீவிலிருந்து புத்தளம் டவுனுக்குக் கணினி படிக்கப் போய்வரும் றுமைஸா, "இறக்கம்" என்று கொண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் தானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள். அப்படிப்பட்டவள் தன் கடைசி வருட வேலையாக, மனிதரை மனிதரோடு கதைக்க வைக்கும் ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு 'நினைப்பு' என்று பேர் வைத்திருந்தாள். செய்ய வேண்டிய வேலையைப் போனிடம் வாயால் சொன்னால் போதும், அது எழுதி வைத்துக்கொள்ளும். நேரம் வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடும். கனநாள் கதைக்காமல் விட்ட ஆள் யாரும் இருந்தால் அதையும் ஞாபகப்படுத்தும்.

கூப்பிடும் குரல்தான் முதலில் சரிவரவில்லை. மெசின் குரல் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. கடைசியில் றுமைஸா போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு தன் குரலையே பதிந்து போட்டாள். போர்வைக்குள் யாரும் பார்க்காததாலோ என்னவோ, அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"எங்கட போன்லயும் போட்டுத் தா" என்றாள் மாமி. "மன்னாருக்குத் திரும்பிப் போன தங்கச்சியோட கதைச்சு எத்தின நாளாச்சு. நாளைக்கு நாளைக்கு எண்டே போகுது."

மாமி தானாகக் கேட்டது றுமைஸாவுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் கல்லூரியில் ஒரு கட்டாயம் வைத்திருந்தார்கள். செய்தவர் தவிர, குறைந்தது ஏழு பேராவது ஒரு மாதம் அதைப் பாவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை தள்ளுபடி. மற்றப் பிள்ளைகள் கூட்டாளிமாரிடம் கொடுத்து ஒரே நாளில் ஆள் சேர்த்துவிட்டார்கள். றுமைஸா யாரிடம் போய்க் கேட்பாள்? மாமியின் வீட்டில் ஐந்து பேர். அவர்களோடு தொடங்கினால் மிச்சத்துக்கு ஆண்டவன் ஒரு வழி காட்டுவான் என்று நினைத்தாள்.

போனில் அதைப் போட்டு, பேர் கேட்கும் இடம் வந்ததும் நீட்டினாள். மாமி "உம்மு குல்தூம்" என்று சொன்னாள். "மத்தாக்கள்ட பேரையும் சொல்லணும் மாமி" என்று றுமைஸா வாய்க்குள் சொன்னது மாமிக்குக் கேட்கவில்லை. அதை இரண்டாம் தரம் சொல்ல றுமைஸாவால் முடியவில்லை.

அந்த வீட்டில் ஒரு போன்தான். சமையலறை ஜன்னல் விளிம்பில் அது இருக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் அதற்குச் சொந்தக்காரர்கள். மாமியின் புருஷன் உசனார் கடலோரக் களப்பில் வலை போடுகிறவர். மகன் நூர்தீனுக்கு ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டலில் வேலை. மருமகள் பௌசியாவின் மடியில் கைக்குழந்தை. மகள் சிஃபானா ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறவள். எல்லாரும் ஜன்னலுக்கு வந்து தங்கள் தங்கள் வேலையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். 'நினைப்பு'க்குத் தெரிந்ததோ ஒரு பேர்தான். விடியப்புறம் உசனாரைக் களப்புக்குப் போக எழுப்பும்போதும் அது, "உம்மு குல்தூம் மாமி, நேரமாகிட்டு" என்றுதான் கூப்பிட்டது. அவரும் "வாறன், வாறன்" என்று எழும்பிப் போனார். நாலாம் நாள் அது ஞாபகப்படுத்தியபடி தங்கச்சிக்குப் போன் எடுத்த மாமி, பாண் வாங்க மறக்கும் அளவுக்குக் கதைத்தாள்.

மாதம் முடிந்தது. சிவகுரு சேர் வகுப்பில், செயலியை யார் யார் எதற்குப் பாவித்தார்கள் என்று அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்தில் வீடெடுத்துத் தங்கிப் படிப்பிக்கிறவர் அவர். கண்டிப்பான மனிதர். சிரிப்பதென்றால் அவருக்கு அது ஒரு செலவு மாதிரி.

"றுமைஸா. பாவிச்ச ஆக்கள், ஒண்டு." தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஆர் பிள்ளை இந்த உம்மு குல்தூம்? விடியமுன்னம் வலையோட களப்புக்குப் போறா. காலமை கைப்பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போறா. மத்தியானம் பலாக்காய்க் கறி. பின்னேரம் தாடியை ஒதுக்கிறா. பொழுதுபட்டாப் பிறகு இருபடிச் சமன்பாடு படிக்கிறா."

வகுப்பே மேசையில் விழுந்து சிரித்தது. "சேர், அந்த மனுசியைக் கலியாணம் முடிச்சா வேற ஒருத்தரும் தேவையில்ல" என்று கடைசி வாங்கில் இருந்த ஒருவன் சொன்னான்.

"சொல்லும் பிள்ளை. நீர் இருந்து யோசிச்சு உண்டாக்கின ஆளோ இது?"

றுமைஸா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் நிற்பவளைக் கள்ளி என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும்.

"சரி. சனிக்கிழமை நான் நேர வந்து பாக்கிறன். அப்பிடியொரு ஆள் இருந்தா எனக்குக் காட்டும். இல்லாட்டி இந்த வேலையை நான் ஏத்துக்கொள்ளேலாது."

ஊருக்கு வந்து மாமியிடம் சொல்லும்போது அழுகை பாதியும் சொல் பாதியுமாக வந்தது. சேர் வருகிறார், ஆள் எண்ணப் போகிறார், ஏழு பேர் வேண்டும். இவ்வளவுதான் மாமிக்கு விளங்கியது. அவளுக்கு அது போதும்.

"இதுக்கா அழுவுறாய்? தொண்ணூறுல மன்னாருல இருந்து அகதியா வந்த நாள்ல இருந்து எங்கள எத்தின பேர் எண்ணியிரிக்காங்க! ஆள் எண்ண வாறாங்க எண்டா என்ன செய்யணும் எண்டு எனக்கா சொல்லித் தாறாய்?"

சனிக்கிழமை சிவகுரு சேரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்தபோது, மாமியின் முற்றத்தில் கலியாண வீடு மாதிரிச் சனம். அரைவாசிப் பேர் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர். கடன்வாங்கிய கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. சேருக்குத் தேசிக்காய்த் தண்ணியும் விருந்து இனிப்பான வட்டிலப்பமும் வந்தன. றுமைஸா ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள்.

சேர் முன்வரிசையில் இருந்த அயல்வீட்டு றஹ்மத் உம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்களும் இதைப் பாவிக்கிறனீங்களோ?"

"ஓம் சேர், நாளாந்தம் பாவிக்கிற" என்றாள் றஹ்மத் உம்மா. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

"எப்பிடிப் பாவிக்கிறனீங்கள்?"

றஹ்மத் உம்மா மாமியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே உதவி கிடைக்கவில்லை. "காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு."

"ஒண்டு?"

"சுடுதண்ணியோட" என்று முடித்தாள் றஹ்மத் உம்மா. "இப்ப முழங்கால் வலி நல்லாக் கொறவு."

முற்றம் குலுங்கிச் சிரித்தது. மாமி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சேர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். றுமைஸா அந்தத் தாள் பைக்குள் போவதைப் பார்த்தாள். ஒரு வருடப் படிப்பும் அதோடு சேர்ந்து போவதுபோல் இருந்தது. அதைவிட, பொய்க்காரி என்ற பேர் மிஞ்சப்போகிறது.

"சேர்!"

சனம் திரும்பிப் பார்த்தது. அது றுமைஸாவின் குரல் என்று நம்பப் பலருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இவங்க ஒருத்தரும் பாவிக்கல்ல சேர். எனக்கு உதவி செய்ய வந்தவங்க. பாவிக்கிறது இந்த வீட்டு ஆக்கள், அஞ்சு பேர். அகதியா வந்த காலத்துல வீட்டுக்கு ஒரு கூப்பன் காட், அதுல ஒரு பேர். அரிசி, பருப்பு, மா எல்லாம் அந்த ஒரு பேருக்குத்தான் வந்த. அந்தப் பழக்கத்துல இதுக்கும் ஒரு பேரத்தான் குடுத்திரிக்காங்க. ஒரு போனுக்கு ஒரு ஆள் எண்டு நெனச்சுச் செஞ்சது என்ட பிழை. ஆனா நான் ஒண்டும் உண்டாக்கல்ல. உம்மு குல்தூம் மாமி..."

"வாறன், வாறன்!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

விடியமுன்னமே களப்புக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த உசனார், பாதிக் கண் திறந்தபடி, ஒரு கையில் டோர்ச், மறு கையில் துடுப்போடு வாசலுக்கு வந்தார். வெயிலையும் சனத்தையும் கண்டு திகைத்து நின்றார்.

"என்ன, விடிஞ்சிட்டா?"

சேர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கட பேர் என்ன ஐயா?"

"உசனார்."

"பிறகேன் உம்மு குல்தூம் எண்டு கூப்பிட வந்தனீங்கள்?"

"இந்தப் புள்ளட குரல்ல அப்பிடிக் கூப்பிட்டா என்னத்தான் சேர். விடியமுன்ன வெள்ளாப்புல எண்டா நான். பின்னேரத்துல எண்டா மகன்." சற்று யோசித்துவிட்டு மாமியைக் காட்டி அவர் சொன்னார்: "அவள எண்டா ஒருத்தரும் கூப்பிடத் தேவையில்ல, அவளே வந்திருவாள்."

"வாயப் பொத்துங்க!" என்றாள் மாமி.

சேரின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. திரும்பக் கதிரையில் இருந்தார். தாளை வெளியே எடுத்தார். நூர்தீன் தாடியைத் தடவிக் காட்டினான். பௌசியா ஊசி போட்ட பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். சிஃபானாவிடம் ஒரு சமன்பாடு கேட்டார். அவள் சரியாகச் சொன்னதும் கொஞ்சம் ஏமாந்தவர்போல் அடுத்ததைக் கேட்டார்.

"அஞ்சு" என்றார் கடைசியில். "அஞ்சு பேர் எண்டது மெய்தான். ஆனா ஏழு வேணும் பிள்ளை. விதியை நான் மாத்தேலாது."

அந்நேரம், பாட்டுப் போட்டு வீடு வீடாகப் பாண் விற்கும் பதுர்தீனின் த்ரீவீலர் வந்து நின்றது. கூட்டத்தைக் கண்டு, சாவு விழுந்த மையத்து வீடோ என்று பயந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு வட்டிலப்பத்தைக் கண்டு தெளிந்து, வழக்கம்போல ஜன்னலடிக்குப் போய், போனை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"நாளைக்கு வரமாட்டன். மருமகன்ட ஊட்டு விருந்து. பாணுக்குக் கடைக்குப் போங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். "என்னா? ஊட்டுல ஆளில்லாட்டி இதுல சொல்லிட்டுப் போற தானே. பழகிட்டு."

"ஆறு!" என்று முற்றம் முழுக்க ஒரே வாயாகக் கத்தியது. றஹ்மத் உம்மா எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள்.

ஒழுங்கையில் வேறு யாரும் வரவில்லை. எல்லார் கண்ணும் ஒழுங்கை முனையில் இருக்க, மாமியின் கண் மட்டும் சேரின்மேல் இருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களும் ஒண்டு சொல்லுங்க சேர்."

"நானோ? நான் மார்க் போட வந்த ஆள்."

"மார்க் போடுற ஆளுக்கு மறதி இல்லையா?"

சேர் போனைக் கையில் வாங்கினார். திருப்பிக் கொடுக்கத்தான் வாங்கினார் என்று றுமைஸா நினைத்தாள். ஆனால் அவர் அதைப் பிடித்தபடியே இருந்தார். தொட்டதும் போன் கணீரென்று கேட்டது: "உம்மு குல்தூம் மாமி, என்ன வேலை இரிக்கி?"

சிஃபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேர் தொண்டையைச் செருமினார். வகுப்பில் நாற்பது பேருக்குக் கேட்கும் அவருடைய குரல் இப்போது பக்கத்துக் கதிரைக்கே கேட்குமோ என்ற அளவில் வந்தது.

"அக்காக்குப் போன் எடுக்கோணும்."

"எத்தின மணிக்கு ஞாபகப்படுத்த?" என்றது போன்.

"ஆறு மணிக்கு."

"சரி. மறக்க விடமாட்டன்" என்றது றுமைஸாவின் குரல், போர்வைக்குள்ளிருந்து எந்த வெட்கமும் இல்லாமல்.

மாமிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "அல்லாஹ்! சேர், போன் எங்கட ஊட்டுல. ஆறு மணிக்கு இது எங்களத்தானே கூப்பிடும். ஒங்கட நம்பரச் சொல்லுங்க, நான் எடுத்து ஞாபகப்படுத்துறன். அக்கா எங்க இரிக்காங்க? ஒங்களோட கோவமா? எத்தின நாளாக் கதைக்கல்ல?"

சிவகுரு சேர் பேனையை எடுத்தார். தாளில் இருந்த 'ஒன்று' என்பதை வெட்டிவிட்டு 'ஏழு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தாளின் ஓரத்தைக் கிழித்து, அதில் தன் போன் நம்பரை எழுதி மாமியிடம் நீட்டினார். தாளை றுமைஸாவிடம் கொடுத்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி, ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டார்.