தேர்வுக் கடிதம் வந்த நாள்

கடற்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய உயிர்த்தோழன் விமானத்தோடு கடலில் விழுந்து பதினாறு வருடமாகிறது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தோழனின் மகள், தானும் கடற்படை அதிகாரியாகி விமானம் ஓட்ட வேண்டும் என்று வந்து நின்றபோது அவர் பூரித்துப்போனார். ஓய்வுபெற்ற சகாக்களைத் திரட்டி வந்து, நேர்முகத் தேர்வில் கேட்பதுபோலவே கேள்விகளால் அவளைத் துளைத்தெடுத்தார்.

தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்ததும் அவர் தோழனின் வீட்டுக்கு ஓடினார். "மாமா, எல்லாம் உங்களாலதான்!" என்று குதித்தவள், தோழிகளிடம் சொல்லக் கிளம்பிவிட்டாள்.

அவளுடைய அம்மா சமையலறையில் முதுகைக் காட்டியபடி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சந்தோஷம் இல்லையாம்மா?" என்று அவர் கேட்டார்.

"கப்பல்ல இருந்த அவ அப்பாவை விமானத்துக்கு இழுத்துட்டுப் போனதும் நீங்கதானே அண்ணா?"

தோழனின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். அதைப் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியுமிருக்கிறார்.

"வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க. நீங்க சொன்னா கேட்டுடுவா. அப்புறம் காலத்துக்கும் அவ முகத்துல சிரிப்பே இருக்காது."

அவள் குழாயை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"பயிற்சிக்குப் போக என்னென்ன வாங்கணும், சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எழுதினாள்.