ஏழு குழாய்களும் ஒரு குரலும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. படகுகள் அரசலாற்றில் கட்டிக் கிடந்தன. கிளிஞ்சல்மேட்டில், தெருத்தெருவாக மீன் விற்கும் கனகமும் சும்மா கிடந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் கவியரசன் மஸ்கட்டில். மீன் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை நாளும் தன்னோடு பேசியவர்கள் எல்லாம் மீனுக்காகப் பேசியவர்கள் என்று.

சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தாள். மணலில் ஏழு மஞ்சள் குழாய்கள் வாயை விரித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றன. புதுச்சேரி ஓவியர் நித்யஸ்ரீ வைத்த விளையாட்டு. ஒன்றில் பேசினால் குரல் மணலுக்கடியில் ஓடி இன்னொன்றில் கேட்கும். எதில் என்று பேசுகிறவருக்குத் தெரியாது.

"நீங்களும் பேசுங்கம்மா. இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றாள் நித்யஸ்ரீ.

"யாருகிட்டங்க பேசுறது?"

"அது தெரியாததுதாங்க விளையாட்டே!"

கனகம் குழாயில் வாயை வைத்தாள். என்ன பேசுவது? இருபது வருஷமாக வாயில் இருந்தது தானாக வந்தது.

"மீனேய்... மீனு!"

பின்னால் நின்றவர் சிரித்தார். "தடைக்காலத்துல ஏதுக்கா மீனு? புடிச்சி உள்ள வச்சிடப் போறாங்க!"

வெட்கத்தோடு நகரப் போனவளைக் குழாய் நிறுத்தியது.

"ஏங்க மீன்காரம்மா! சங்கரா மீன் இருக்கா?"

அந்தக் குரல்! தருமபுரத்து மாடி வீட்டுக் குரல். தினம் காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும், மீனோடு ஏறும். கம்பிக்குப் பின்னால் நிற்கும் அந்த முகத்தைக் கனகம் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. பேர்கூடத் தெரியாது.

"மாடியம்மா! நீங்களா? தனியாவா வந்தீங்க?"

"நான் எப்பவும் தனிதாங்க. நீங்க வராம தெருவே ஊமையாயிடுச்சு. வாயத் தொறக்க ஆளில்ல."

கனகம் குழாய்க்குள் கத்தினாள். "இருங்க, தோ வர்றேன்!"

கூப்பிட்ட குரலை நோக்கிப் போயே பழகிய கால்கள். ஓடினாள். ஐந்து குழாய்களில் கல்லூரிப் பிள்ளைகளும் குழந்தைக்காரிகளும் நின்றார்கள். ஆறாவது குழாய் காலியாக இருந்தது.

"இப்பத்தான் ஒரு அம்மா, மீன்காரம்மாவப் பாக்கணும்னு அந்தப் பக்கமா போனாங்க" என்றார் பக்கத்தில் சுண்டல் விற்றவர்.

கனகம் வந்த வழியே திரும்பினாள். அவளுடைய குழாயில் இப்போது வேறு யாரோ. "மாடியம்மா!" என்று கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் நிற்கவில்லை. கூட்டத்தில் எந்த முகத்தைத் தேடுவது? முகம் தெரிந்தால்தானே! இருட்டியதும் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு வெறுங்கையோடு அந்த மாடிக்குக் கீழே போய் நின்றாள். மீன் இல்லாமல் என்னவென்று கூவுவது? திரும்பிவிடலாமா என்றுகூட இரண்டடி வைத்தாள்.

"கனகம் வந்திருக்கேன்!"

தன் பேரைத் தானே தெருவில் கூவியது அவளுக்கே என்னவோபோல் இருந்தது.

பழக்கதோஷத்தில் கூடை விறுவிறுவென்று இறங்கியது. கனகம் அதைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போட ஒன்றுமில்லை.

"மீன் இல்லீங்க. நான் மட்டுந்தான் வந்தேன்."

கயிறு அசையவில்லை. கூடையை மேலே இழுக்கக்கூட இல்லை. செருப்புச் சத்தம் அவசர அவசரமாகப் படியிறங்கி வந்தது.